குழந்தைக்காக வெளிநாடா? டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்...

"டாக்டர், பாரிஸ்ல பண்ணிக்கலாமா, சிங்கப்பூர்ல பண்ணிக்கலாமா?"

நெடுங்காட்டில் உட்கார்ந்து சித்த வைத்தியம் பார்க்கிற என்னிடம் வந்து இப்படிக் கேட்கிறார்கள் என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காரைக்கால் மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இருக்காது. 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாலும், பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அண்ணன் பாரிஸ் பக்கம், மச்சான் சிங்கப்பூரில், சித்தப்பா மகன் மலேசியாவில்... வெளிநாடு என்பது இங்கே பலருக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. அதனால் கல்யாணமாகி நாலைந்து வருஷம் வயிறு திறக்கவில்லை என்றால், காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடித்தாயிற்று, திருக்கருகாவூர் நெய் சாப்பிட்டாயிற்று, அடுத்தது பாஸ்போர்ட்தான்!

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். எங்கள் வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இரண்டு சினைக்குழாயும் அடைபட்டிருக்கிற பெண்ணுக்கு அதைத் திறக்கிற லேகியம் என்னிடம் இல்லை. வேறு யாரிடமும் இருப்பதாக நான் பார்த்ததும் இல்லை. அந்த இடத்தில் ஐ.வி.எஃப். என்கிற சோதனைக் குழாய் முறைதான் வழி. லேகியத்தைக் கொடுத்து ஒரு பெண்ணின் 35, 36, 37 வயதைச் சாப்பிட்டு ஏப்பம் விடுவது பாவம். ஆகவே 'இவர் சித்த வைத்தியர், ஐ.வி.எஃப்.பைத் திட்டத்தான் போகிறார்' என்று நினைக்க வேண்டாம். கேள்வி, அதை எங்கே செய்துகொள்வது என்பதுதான்.

வெள்ளைக்காரன் வித்தையா?

'அங்கேதானே கண்டுபிடிச்சாங்க, அங்கே போனாத்தான் சரியா வரும்' என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்தது உண்மை. ஆனால் சரியாகப் பத்தே வாரத்தில், அக்டோபர் 3-ம் தேதி, நம் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் துர்கா பிறந்துவிட்டாள்! நம் ஆட்கள் நம்பவில்லை. அரசாங்கம் போட்ட கமிட்டி அவருடைய ஆராய்ச்சியை ஏற்க மறுத்தது. மனம் உடைந்து 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் செய்தது சரி என்று 1997-ல் எடுத்துச் சொன்னவர் டாக்டர் டி.சி. ஆனந்தகுமார். இத்தனைக்கும் 1986-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் மூலம் 'இந்தியாவில் முதல்' என்ற பெயரை டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து வாங்கியவரே அவர்தான். தனக்கு வந்த பெயரை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தார்.

சிங்கப்பூர் கதையும் நம் கதைதான். அங்கே 1983-ல் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைச் சாதித்த குழுவின் தலைவர் பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம், இலங்கைத் தமிழர். விந்தணு மிகக் குறைவாக இருந்தாலும் ஒரே ஒரு அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துகிற 'இக்ஸி' முறையின் வெற்றி 1992-ல் பெல்ஜியத்தில் வெளியானது. இன்று அது சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் அன்றாட வேலை.

சொல்ல வந்தது இதுதான்: கருவியிலும் கைத்திறனிலும் நம் நாட்டின் நல்ல மையங்கள் பின்தங்கியவை அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் இங்கே வருகிறார்களே, எதற்காக? நாட்டுக்கு நாடு நிஜமாக மாறுவது மூன்று விஷயம். சட்டம், செலவை யார் ஏற்பது, கணக்கை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறார்கள் என்பது.

அந்த 'எழுபது சதவிகிதம்'

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள்: '70 சதவிகித வெற்றி!' எதில் எழுபது? இதைக் கேட்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். நூறு பெண்கள் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு முட்டை சரியாக வளரவில்லை, 90 பேருக்குத்தான் முட்டை எடுக்கிறார்கள். அதில் பத்துப் பேருக்குக் கரு உருவாகவில்லை, 80 பேருக்குக் கர்ப்பப்பையில் கரு வைக்கிறார்கள். 40 பேருக்கு ரத்தப் பரிசோதனை 'பாசிட்டிவ்'. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவது 34 பேருக்கு. கடைசியில் கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போவது 28 பேர். இப்போது அந்த மருத்துவமனை '50 சதவிகித வெற்றி' என்று போடலாம். பொய் இல்லை; எண்பதில் நாற்பது. ஆனால் ஊசி போட ஆரம்பித்த உங்களுக்கு வேண்டிய எண் 28 அல்லவா?

இதில் இன்னும் ஒரு சூட்சுமம் உண்டு. 42 வயதுப் பெண்ணுக்கு 25 வயதுப் பெண் தானம் செய்த முட்டையை வைத்துச் செய்த வெற்றியையும் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டால் சதவிகிதம் எகிறிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "என் வயசுல, சொந்த முட்டையை வெச்சு, சிகிச்சை ஆரம்பிச்சவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேர் குழந்தை பெத்தாங்க?" எழுத்தில் கேளுங்கள். பதிலைச் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதில் இங்கிலாந்துக்கு நல்ல பெயர். எச்.எஃப்.இ.ஏ. என்ற அரசு அமைப்பு 1991 முதல் ஒவ்வொரு மையத்தையும் கண்காணித்து அதன் முடிவுகளை வெளியிடுகிறது. அவர்களுடைய 2022-ம் வருஷக் கணக்கில், வைக்கப்பட்ட ஒரு கருவுக்குக் குழந்தை பிறந்த விகிதம் 35 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு நூற்றுக்கு 35. 43, 44 வயதில் வெறும் 5! கண்டிப்பான கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே இதுதான் நிலைமை என்றால், 44 வயதுக்காரருக்கு '70 சதவிகிதம்' என்று ஒருவர் சத்தியம் பண்ணுவதை என்னவென்று சொல்வது? நாட்டை விட வயது பெரிது. இரண்டு வருஷம் பணம் சேர்த்து வெளிநாடு போவதை விட, இந்த வருஷமே பக்கத்து நகரத்தில் ஆரம்பிப்பது பல பெண்களுக்கு லாபம்.

இன்னொன்று. 'மூணு கரு வெச்சோம், ரெட்டைக் குழந்தை' என்று பெருமையாகச் சொல்கிற இடத்தைக் கண்டு மயங்காதீர்கள். இரட்டை, மூன்று என்றால் குறைமாதப் பிரசவம், தாய்க்கு ரத்த அழுத்தம், குழந்தைக்கு வாரக்கணக்கில் இன்குபேட்டர். நல்ல மையங்கள் இப்போது ஒரே கருவை வைத்துவிட்டு மிச்சத்தை உறைய வைக்கின்றன.

புருஷனை முதலில் அனுப்புங்கள்

விமான டிக்கெட்டுக்கு முன்னால் நடக்க வேண்டியது ஊரிலேயே நடக்கிற சில பரிசோதனைகள். இதில்தான் நம் வீடுகளில் பெரிய வம்பு. குழந்தை இல்லை என்றால் மருமகளைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுப்பார்கள். மகனை மட்டும் யாரும் தொட மாட்டார்கள்! 'மலடி' என்ற வார்த்தையை வாய் கூசாமல் சொல்கிற மாமியார்களுக்கு ஒரு தகவல்: எங்கள் சித்த நூல்களே ஆண் மலடு என்று தனியாகப் பேசுகின்றன. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது.

பக்கத்து ஊர்த் தம்பதி ஒருவர் கதையைச் சொல்கிறேன். மனைவிக்கு 37 வயது, கணவர் வளைகுடாவில் வேலை. ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, மூணு மா நிலத்தை விற்று ஒரு வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். மனைவிக்குப் பத்து நாள் ஊசி போட்டு முட்டையெல்லாம் தயாரான பிறகுதான் கணவரின் விந்துவில் அணுவே இல்லை என்று தெரிந்தது. 'ஆபரேஷன் செய்து எடுக்கலாம், அதற்குத் தனி பில்' என்றார்கள். கையில் இருந்த பணம் அத்தோடு சரி. முட்டைகளை உறைய வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். காரைக்காலில் ஒரு லேப்பில் சில நூறு ரூபாய் செலவில் செய்திருக்க வேண்டிய பரிசோதனை! 'அவருக்குக் கோபம் வரும்னு கேட்கல டாக்டர்' என்றது அந்தப் பெண். நிலம் போனதை விட, அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது.

ஆகவே முதலில் கணவருக்கு விந்துப் பரிசோதனை. சரியில்லை என்றால் சில வாரம் விட்டு மறுபடியும் ஒரு முறை. மனைவிக்கு ஹார்மோன் பரிசோதனைகள், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., ஸ்கேன், சினைக்குழாய் எக்ஸ்-ரே, தைராய்டு, சர்க்கரை. நம் நாட்டில் சினைக்குழாயைக் கெடுக்கிற காசநோய் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. இருமல் இல்லாமலே கர்ப்பப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் அது. வெளிநாட்டு டாக்டருக்குச் சட்டென்று அந்தச் சந்தேகம் வராமல் போகலாம், நம் ஊர் டாக்டருக்கு வரும்.

விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். ஆகவே பீடி, சிகரெட், குடியை விடுவதென்றால் மூன்று மாதம் முன்னாலேயே விட வேண்டும். நம்ம ஊரில் சரக்கு மலிவு என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். விந்தணு விஷயத்தில் அது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை.

யாருக்கு வெளிநாடு சரி?

அங்கேயே வாழ்கிறவர்களுக்கு! பிரான்சில் குடியிருந்து அங்கத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிற பெண் என்றால், 43 வயது நிறையும் வரை நான்கு ஐ.வி.எஃப். முயற்சிகளின் செலவை அந்தக் காப்பீடே ஏற்கிறது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள தம்பதிக்கு அரசு மருத்துவமனைகளில் 75 சதவிகிதம் வரை அரசாங்கம் கை கொடுக்கிறது, இத்தனை முறை என்ற வரம்போடு. இந்தச் சலுகையை விட்டுவிட்டு, 'ஊர்ல அம்மா பக்கத்துல இருந்து பண்ணிக்கிறேன்' என்று லீவு போட்டுக்கொண்டு ஓடிவருகிற பெண்களுக்கு நான் சொல்வது: அம்மாவை அங்கே கூப்பிடு, தாயி. அது மலிவு.

ஊரில் இருந்துகொண்டு, கையில் காசை வைத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் கணக்குதான் வேறு. சென்னையில் ஒரு முறைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை லட்ச ரூபாய் ஆகிறது. அமெரிக்காவில் 15 ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரே முறையில் பலிக்காமல் போவதுதான் அதிகம் என்று மேலே பார்த்தோமே! ஒரு வெளிநாட்டு முயற்சிக்கான பணம் இங்கே மூன்று நாலு முயற்சிக்கு வரும். எல்லாப் பணத்தையும் முதல் பந்திலேயே வைத்து ஆடக் கூடாது.

நாட்கணக்கையும் பாருங்கள். முட்டை வளர ஊசி 8 முதல் 14 நாள். கடைசி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். மூன்றாவது அல்லது ஐந்தாவது நாள் கரு வைப்பார்கள். அதற்குப் பிறகு பத்து, பதினாலு நாளில் ரத்தப் பரிசோதனை. குறைந்தது மூன்று வாரம் ஒரு அந்நிய ஊரில் ரூம் வாடகை, சாப்பாடு, கணவரின் லீவு. 'கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைப்போம்' என்றார்களோ, இன்னொரு பயணம்.

அந்த உறைந்த கரு விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. மிச்சக் கருக்களைப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லி இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மனிதக் கருவை இறக்குமதி செய்ய 2015-லிருந்தே நம் அரசு தடை போட்டிருக்கிறது. வெளியே கொண்டுபோவதும் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு முறைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி சுலபமில்லை. சொந்த உபயோகத்துக்கென்று தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆக, கரு எங்கே உறைகிறதோ அங்கேதான் நீங்கள் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வருஷா வருஷம் சேமிப்புக் கட்டணமும் அங்கேதான்.

ஏஜென்ட் வாயைத் திறந்தால்...

"ஆம்பளைப் பிள்ளையாவே வெச்சுத் தர்ற நாடு இருக்கு சார்!" இதைச் சொல்கிற ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாலினம் தேர்வு செய்வது நம் நாட்டில் 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். பெண் குழந்தை வேண்டாம் என்பதற்காக விமானம் ஏறுகிறவர்களுக்கு என்னிடம் ஆலோசனை கிடையாது.

"வாடகைத் தாய் ஏற்பாடு பண்றேன்" என்பது அடுத்தது. இந்தக் கடை ஒரு நாட்டில் மூடினால் இன்னொரு நாட்டில் திறக்கும். 2015-ல் வெளிநாட்டவருக்கு வாடகைத் தாய் ஏற்பாட்டை இந்தியா நிறுத்தியது. அதே வருஷம் தாய்லாந்தும் நேபாளமும் மூடின. கூட்டம் கம்போடியாவுக்குப் போனது. 2016-ல் அதுவும் தடை செய்தது. நடுவழியில் மாட்டிக்கொண்ட தம்பதிகளும் உண்டு, பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காமல் தவித்தவர்களும் உண்டு. பிரான்சில் வாடகைத் தாய் முறைக்கே அனுமதி இல்லை என்பதை நம் பிரெஞ்சுக் குடும்பங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முட்டை தானம் வேண்டியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை. நம் சட்டப்படி தானம் தருகிற பெண்ணுக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். இந்தக் கெடுபிடி எதற்கு என்று அலுத்துக்கொள்கிறவர்கள் 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த கொடுமையை நினைத்துப் பார்க்கட்டும். 16 வயதுப் பெண்ணைப் போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டித் திரும்பத் திரும்ப முட்டை எடுக்க வைத்தார்கள். மருத்துவமனைகள் மேல் அரசு நடவடிக்கை எடுத்தது. வெளிநாட்டில் உங்களுக்கு முட்டை தருகிறவள் யார், அவள் சம்மதித்துத்தான் தந்தாளா என்று நீங்கள் கேட்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. பிறக்கப்போகிற குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்பெயினில் தானம் தந்தவர் யார் என்பது ரகசியம். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் செய்தவர்களின் அடையாளத்தைக் குழந்தை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிரான்சும் 2022 செப்டம்பரிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உங்கள் வீட்டில் இது பேசப்படுமா, மறைக்கப்படுமா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு நாட்டை யோசியுங்கள்.

பில்லில் புதுப்புதுப் பெயரோடு வருகிற 'கூடுதல் சிகிச்சைகளையும்' கவனியுங்கள். கர்ப்பப்பையைச் சுரண்டுவது, எதிர்ப்பு சக்தி ஊசி என்று நீளும். இவற்றுக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்று அந்த எச்.எஃப்.இ.ஏ. அமைப்பே வண்ணக் குறியீடு போட்டு வைத்திருக்கிறது. பச்சை வாங்குவது அபூர்வம்.

கைமருந்து, நாட்டு மருந்து

இது என் பகுதி. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே 'எதுக்கும் இருக்கட்டும்' என்று மலைவேம்புச் சாறு குடிப்பது, யாரோ பார்சலில் அனுப்பிய சூரணத்தைச் சாப்பிடுவது நம் பெண்களிடம் சாதாரணம். செய்யாதீர்கள். ஹார்மோனை ஊசியால் அளந்து ஏற்றுகிற நேரத்தில் இன்னொரு மருந்து உள்ளே போனால் எது எதைச் செய்கிறது என்று எந்த டாக்டருக்கும் புரியாது. முக்கியமாகப் பாதரசம், ஈயம், பாஷாணம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எதையும் கருத்தரிக்க முயல்கிற பெண் தொடவே கூடாது. என்னிடம் வருகிறவர்களுக்கு, ஐ.வி.எஃப். ஆரம்பிக்கிற தேதி முடிவானதும் என் மருந்தை நானே நிறுத்திவிடுவேன். அதுவரை சாப்பிட்டதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அங்கே காட்டச் சொல்வேன். எடையைக் குறைப்பது, மலச்சிக்கல், தூக்கம், சர்க்கரைக்கான பத்தியம் இதெல்லாம் அதற்கு முந்தைய ஆறு மாதத்து வேலை. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்னபடி விடாமல் போடுங்கள்.

கரு வைத்த பிறகு பதினைந்து நாள் படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டும் என்று மாமியார்கள் சட்டம் போடுவார்கள். அவசியமில்லை. படுத்துக் கிடப்பதால் கரு கூடுதலாக ஒட்டுவதில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வேலை செய்யலாம், நடக்கலாம். பாரம் தூக்க வேண்டாம்.

ஆனால் ஊர் திரும்பிய பிறகு சில அறிகுறிகளை அலட்சியம் செய்யக் கூடாது. ஊசியின் வேகத்தில் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கிவிடுவது உண்டு. வயிறு நாளுக்கு நாள் உப்புவது, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வெளிநாட்டு டாக்டர் போனில் என்ன சொன்னாலும், ராத்திரி இரண்டு மணிக்கு உங்களைப் பார்க்கப்போகிறவர் காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ இருக்கிற டூட்டி டாக்டர்தான். என்ன ஊசி, எவ்வளவு அளவு, எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை கரு, எந்தத் தேதியில் வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அந்த மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே இத்தனையும் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.